எங்கள் பள்ளியில் ஓக் மரம் உண்டா?

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒரு மாணவி

நம் பள்ளியின் தொடக்கப் பிரிவுக்கு எதிரே நெடுங்காலமாக ஒரு பெரிய மரம் நின்றதை அனைவரும் அறிவீர்கள். முன்னாள் மாணவியரான எங்கள் அன்னையர் சிலருக்கும் அந்த மரம் நினைவிருக்கிறது. அதை எல்லோரும் 'ஓக் மரம்' என்றே அழைத்தோம். முதல் வகுப்புக் குழந்தைகள் அதன் நிழலில்தான் மதிய உணவு உண்பார்கள். நாங்கள் எட்டாம் வகுப்பு முடித்த ஆண்டு மே மாதத்தில், கோடை மழைக்கு முன் வீசிய ஒரு சூறைக்காற்றில் அதன் பாதி மரம் முறிந்து, குழந்தைகள் அமரும் சிமெண்ட் பலகையின் மேல் விழுந்தது. விடுமுறைக் காலமாதலால் இறைவன் அருளால் ஒருவருக்கும் காயமில்லை. மீதி மரமும் சாய்ந்து நின்றதால் அதை வெட்ட வேண்டியதாயிற்று.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தோம். எல்லோரும் கூடிப் பேசி, "எங்களுக்கு மீண்டும் ஓக் மரம் வேண்டும்" என்று தலைமையாசிரியை சிஸ்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். சிஸ்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஓக் மரம் கேட்கிறீர்கள், சரி. வெட்டியது ஓக் மரம்தானா என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இக்கட்டுரை.

கருவாலியும் மாசிக்காயும்

ஓக் என்னும் பெயர் நமக்கு அந்நியமாகத் தோன்றினாலும், அம்மரம் நமக்கு முற்றிலும் புதியதன்று. விவிலியத் தமிழில் அதற்குக் கருவாலி என்று பெயர். சிலர் கர்வாலி என்றும் எழுதுவர். தாவீது அரசரின் மகன் அப்சலோம் கோவேறு கழுதையின் மேல் தப்பி ஓடும்போது, தலை கிளைகளில் சிக்கித் தொங்கினானே, அந்த மரம் கருவாலிதான். மறைக்கல்வி வகுப்பில் இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அம்மரம் எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூட நாங்கள் கேட்டதில்லை.

இரண்டாவது உறவு இன்னும் நெருக்கமானது. நம் பாட்டிமார் உரைகல்லில் உரைக்கும் மருந்துகளில் மாசிக்காய் ஒன்று. சுக்கு, வசம்பு, கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றோடு நாட்டு மருந்துக் கடையில் அதையும் வாங்குவார்கள். உருண்டையாய், கடினமாய், மேலே சிறு முட்கள் போன்ற மேடுகளுடன் இருக்கும். நாங்கள் அதை ஏதோ ஒரு மரத்தின் காய் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் மாசிக்காய் காயே அன்று! துருக்கி, சிரியா, ஈரான் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரத்தின் திசு வீங்கிக் கெட்டியாகி உருண்டையாகிறது. அந்த வீக்கமே மாசிக்காய். சிலவற்றில் சிறு துளை ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். வளர்ந்த குளவி வெளியேறிய வாசல் அது. மாசிக்காயை நாவில் வைத்தால் வாய் சுருங்கும் துவர்ப்பு தெரியும். அது டானின் என்னும் பொருளின் சுவை. (ஒரு சொல்: பாட்டிமார் அனுபவம் பெரிதுதான். ஆயினும் கைக்குழந்தைக்கு எதையும் மருத்துவரைக் கேளாமல் புகட்டக் கூடாது என்று எங்கள் அறிவியல் ஆசிரியை எழுதச் சொன்னார்.)

மூன்றாவது உறவு நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1665-ஆம் ஆண்டு இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்து, சிறுசிறு அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயரிட்டார் என்று படிக்கிறோம். அந்தத் தக்கை எங்கிருந்து வந்தது? அதுவும் ஓர் ஓக் மரத்தின் பட்டைதான். போர்ச்சுக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் தக்கை ஓக் என்னும் பசுமை மாறா மரம் அது. நட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே முதன்முறை பட்டையை உரிப்பார்கள். பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிப்பார்கள். மரம் சாகாமல் மீண்டும் பட்டை வளர்த்துக்கொள்ளும். உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதியைப் போர்ச்சுக்கல் நாடே தருகிறது. நம் ஆய்வகத்துக் குடுவையின் மூடியும், நல்ல இறகுப் பந்தின் அடிப்பகுதியும் இந்த மரத்தின் கொடை.

பசுமை மாறா மரம் என்றால் என்ன?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். அப்படியானால் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியை நாம் ஏன் தினமும் பெருக்குகிறோம்? எல்லா மரமும் இலை உதிர்க்கும். இலையுதிர் மரம் தன் இலைகளை ஒரே பருவத்தில் ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டு, சில காலம் மொட்டையாய் நிற்கும். பசுமை மாறா மரமோ பழைய இலைகளைச் சிறிது சிறிதாக உதிர்க்கும். அல்லது புதுத்தளிர் வரும் வேளையில் பழையவற்றை விடும். ஆகையால் மரம் என்றும் வெறுமையாய் நிற்பதில்லை.

ஓக் இனத்தில் 400-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் இங்கிலாந்து ஓக் போன்றவை குளிர்காலத்தில் இலை முழுதும் உதிர்ப்பவை. மத்தியதரைக் கடல் நாடுகளின் ஹோம் ஓக், தக்கை ஓக், பாலஸ்தீன ஓக் ஆகியவை பசுமை மாறாதவை. எபிரோன் நகருக்கு அருகே 'ஆபிரகாமின் ஓக்' என்று திருப்பயணிகள் போற்றி வந்த முதுமரம் பாலஸ்தீன ஓக் வகையைச் சேர்ந்தது. பட்டுப்போய்த் தாங்குகோல்களின் துணையால் நின்ற அம்மரம் 2019-ஆம் ஆண்டு சாய்ந்தது. ஆனால் அதன் வேரிலிருந்து முன்பே தளிர் விட்டிருந்தது. ஓக்கை வெட்டினாலும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இயல்புடையது. வெட்டுண்டபின் எஞ்சும் அடிமரத்தைப் பற்றி எசாயா இறைவாக்கினர் சொல்லும்போது அவர் நாட்டு மக்களுக்கு அது கண்ணால் கண்ட காட்சியாகவே இருந்திருக்கும்.

நம் நாட்டின் உண்மையான ஓக்

இந்தியாவில் ஓக் மரங்கள் இமயமலைத் தொடரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இயற்கையாக வளர்கின்றன. மணிப்பூரில் ஓக் இலையைத் தின்னும் ஒருவகைப் புழுவிலிருந்து டஸர் பட்டு எடுக்கிறார்கள். தென்னிந்தியாவின் காடுகளில் மட்டும் ஓக் இயற்கையாக இல்லை. உதகை போன்ற குளிர்ந்த மலை ஊர்களில் இருப்பவை ஆங்கிலேயர் காலம் முதல் நட்டு வளர்க்கப்பட்டவை.

உத்தராகண்டத்திலும் இமாசலத்திலும் 'பாஞ்ச்' என்று ஒரு பசுமை மாறா ஓக் இருக்கிறது. அதன் இலை மேலே கரும்பச்சையாகவும், அடியில் வெண்மையான மயிர் படர்ந்தும் இருக்கும். ஓரம் பல் போல் வெட்டுண்டிருக்கும். மலைவாழ் பெண்கள் அதன் தழையை மாட்டுக்குத் தீவனமாக்குகிறார்கள். உதிர்ந்த இலையைத் தொழுவத்தில் பரப்பி எருவாக்குகிறார்கள். அம்மரங்களின் கீழ் மண் ஈரம் காக்கும், அதனால் ஊற்று வற்றாது என்பது அவர்கள் அனுபவம். 1980-ஆம் ஆண்டு அங்கே டூங்கிரி-பைந்தோலி என்னும் ஊரில், பாஞ்ச் காட்டை அழித்து உருளைக்கிழங்குப் பண்ணை அமைக்க ஒரு திட்டம் வந்தது. சாலை, மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் வரும் என்று ஊர் ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்கள் சம்மதிக்கவில்லை. காடு போனால் தீவனத்துக்கும் விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடக்க வேண்டியவர்கள் தாங்களே என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மரங்களைக் கட்டி அணைத்துக் காக்கும் சிப்கோ இயக்கத்தின் துணையோடு அந்தக் காட்டைக் காத்தார்கள். இச்செய்தியைப் படித்தபோது எங்கள் வகுப்பே சிறிது நேரம் அமைதியாகிவிட்டது. நம் மாவட்டத்திலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியுமல்லவா?

எங்கள் மரம் எது?

இனி எங்கள் புலன் விசாரணைக்கு வருவோம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும், ஒரு மாணவி தன் நோட்டுப் புத்தகத்தில் அழுத்தி வைத்திருந்த இலையும்தான் எங்களிடம் எஞ்சியிருந்தன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை வத்தல்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அங்கே காப்பிச் செடிகளுக்கு நிழலாகவும், மிளகுக் கொடி ஏறுவதற்குத் துணையாகவும் இதே மரங்கள் நிற்கின்றன என்று சொல்லி, ஒரு பை நிறைய இலையும் பூவும் காயும் அனுப்பினார். இன்னொரு தோழியின் சித்தப்பா இராணுவத்தில் பணிபுரிபவர். ராணிக்கேத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது உண்மையான பாஞ்ச் ஓக்கின் இலைகளையும் பதினொரு கொட்டைகளையும் காகித உறையில் கொண்டு வந்தார். இரண்டையும் மேசையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வேறுபாடுகளை இங்கே தருகிறோம். எந்த மரத்தையாவது 'ஓக்' என்று யாரேனும் சொன்னால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, காய். இதுவே தலையாய அடையாளம். எல்லா ஓக்கிற்கும் ஒரு சிறு கிண்ணத்தில் பொருந்திய ஒற்றைக் கொட்டை உண்டு. முட்டையை முட்டைக் கிண்ணத்தில் வைத்தாற்போல் இருக்கும். கிண்ணத்தில் கொட்டை இல்லையேல் அது ஓக் இல்லை. எங்கள் மரத்தின் காயோ சிறு படகு போன்றது. நுனியில் வளைந்த மூக்கு இருக்கும். முற்றியபின் ஒரு பக்கம் வெடித்து, மெல்லிய இறக்கையுடைய தட்டை விதைகள் காற்றில் பறக்கும்.

இரண்டாவது, பூ. ஓக்கின் ஆண்பூக்கள் கண்ணைக் கவராத, நூல் போல் தொங்கும் கொத்துகள். காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கும். எங்கள் மரத்திலோ ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பூக்கள் சீப்பின் பற்களைப் போல் வரிசையாய் நிற்கும். தேன் நிறைந்திருக்கும். பறவைகளும் தேனீக்களும் மொய்க்கும்.

மூன்றாவது, இலை. பசுமை மாறா ஓக்கின் இலை தோல் போல் தடித்த ஒற்றை இலை. ஓரம் பல்லாகவோ முள்ளாகவோ இருக்கும். எங்கள் மரத்தின் இலை பெரணி இலையைப் போல் பல பிளவாய்ப் பிரிந்தது. அடிப்பக்கம் வெள்ளி போல் மின்னும்.

இந்த மூன்று அடையாளங்களும் ஒரே விடையைத் தந்தன. எங்கள் ஓக் மரம் ஓக் அன்று! அது 'சில்வர் ஓக்'. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி அதன் தாயகம். தாவரவியலில் அதன் பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. குடும்பமும் வேறு. மக்கடேமியா என்னும் பருப்பு மரத்திற்குத்தான் அது உறவு. அறுத்த பலகையில் தெரியும் மின்னும் வரிகள் ஓக் பலகையை ஒத்திருந்ததால், குடியேறிய ஐரோப்பியர் தங்களுக்குத் தெரிந்த பெயரை அதற்குச் சூட்டினார்கள். நம் சவுக்கு மரத்துக்கும் அவர்கள் அங்கே 'ஷி-ஓக்' என்று பெயரிட்டார்கள்! ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தம் ஊர் மரத்தின் நினைவு எவ்வளவு இருந்திருக்கும் என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். நாமும் பேருக்கு மயங்குபவர்கள்தாம். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்துதான் புளிக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்தது. புளியோ பேரீச்சையும் அன்று, அதன் பூர்வீகமும் ஆப்பிரிக்கா என்கிறார்கள்.

நாங்கள் செய்த தவறு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிஸ்டரின் கேள்விக்கு விடை தேடி முடிக்கும் முன்பே, ஆவல் தாங்காமல், அந்த ஜூலை மாதத்தில் இருபது சில்வர் ஓக் கன்றுகளை வாங்கி நட்டுவிட்டோம். விழாவும் எடுத்தோம். கைதட்டினோம். அடுத்த மே மாதத்தில் மூன்று மட்டுமே மிஞ்சின.

ஏன் செத்தன? தேடிப் பார்த்தபோது காரணங்கள் எல்லாம் எங்கள் பக்கமே இருந்தன. சில்வர் ஓக் வத்தல்மலை, ஏற்காடு போன்ற குளிர்ந்த மேட்டு நிலத்தில் விரைந்து செழிக்கும். நம் தருமபுரிச் சமவெளியின் கோடை வெயிலில் இளங்கன்று நிற்க வேண்டுமானால் தொடர்ந்து தண்ணீர் வேண்டும். நாங்கள் ஒரு முழம் ஆழம்கூடத் தோண்டவில்லை. கீழே சுண்ணாம்புக் கல்லும் பாறையும் இருந்ததால் வேர் இறங்க வழியில்லை. ஐந்து கன்றுகளை, மழைநீர் தேங்கும் பள்ளத்தில் வைத்தோம். நீர் தேங்கினால் அம்மரத்தின் வேர் அழுகும் என்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கவில்லை. அன்றியும், விரைந்து வளரும் அம்மரத்தின் கிளைகள் பலத்த காற்றில் எளிதில் முறியும். குழந்தைகள் அமரும் இடத்திற்கு அது ஏற்றதன்று. மலைத் தோட்டத்தில் அது நல்ல மரம். பலகைக்கும் ஒட்டுப்பலகைக்கும் பயன்படுகிறது. குற்றம் மரத்தினுடையதன்று, இடம் அறியாமல் நட்டவர்களுடையது.

ஒரே ஓர் ஓக் கன்று

சித்தப்பா கொண்டு வந்த பதினொரு கொட்டைகளையும் நாங்கள் விதைக்க விரும்பினோம். ஓக் வளர்க்கும் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

ஓக்கின் கொட்டையை நெல், கம்பு போல் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் வற்றினால் அதன் உயிர் போய்விடும். ஆகையால் உதிர்ந்தவுடன் பொறுக்கி, முதலில் தண்ணீரில் போட வேண்டும். மிதப்பவை பெரும்பாலும் காய்ந்தவை, அல்லது உள்ளே வண்டு துளைத்தவை. மூழ்குபவையே நல்லவை. அவற்றைப் படுக்கை வாட்டில், இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைக்க வேண்டும். ஆழமான பை தேவை. ஏனெனில் தண்டு வெளியே தலைகாட்டும் முன்பே ஆணிவேர் கீழே நெடுந்தூரம் இறங்கிவிடும். அந்த ஆணிவேர் வளைந்தாலும் அறுந்தாலும் கன்றின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். எலியும் அணிலும் தோண்டாதபடி மேலே கம்பி வலை போட வேண்டும். காட்டில் இந்தப் புதைக்கும் வேலையைப் பறவைகளும் அணில்களுமே செய்கின்றன. பின்னால் தின்பதற்காகப் புதைத்துவிட்டு அவை மறந்து போகும் கொட்டைகள் மரமாகின்றன.

எங்கள் பதினொன்றில் எட்டு மிதந்தன. உறையில் பல நாள் காய்ந்திருந்தன போலும். மூழ்கிய மூன்றை ஜனவரியில் விதைத்தோம். பிப்ரவரி இறுதியில் ஒன்று முளைத்தது. சிவந்த தளிரில் வெண்மயிர் படர்ந்திருந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டு வருவோம். ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தோம். நிழலுக்கு மாற்றினோம். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் குளிர்ந்த மலைச்சரிவில் வாழும் இனம் அது. ஏப்ரல் வெயிலை அதனால் தாங்க இயலவில்லை. நாற்பத்தொரு நாள் இருந்து வாடிப்போயிற்று. தருமபுரியில் ஓர் ஓக் மரம் வளர்க்கும் எங்கள் ஆசை அத்துடன் முடிந்தது.

நம் ஊருக்கு எந்த மரம்?

அப்போதுதான் நாங்கள் கேள்வியை மாற்றிக் கேட்டோம். ஓக்கினிடம் நாங்கள் விரும்பியது என்ன? ஆண்டு முழுதும் பசுமை, அடர்ந்த நிழல், உறுதியான கிளை, நீண்ட ஆயுள். இவற்றைத் தரும் மரம் நம் மண்ணில் இல்லையா?

உண்டு. புளி இருக்கிறது. நம் மாவட்டத்துப் புளி பெயர் பெற்றது. 2004-இல் நம்மிடமிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உரிகம் பகுதிப் புளி நீண்ட காய்க்குப் புகழ் பெற்றது. மகிழ மரம் இருக்கிறது. சிறிய, அடர்ந்த, மணமுள்ள பசுமை மாறா மரம். நாவல் இருக்கிறது. தடித்த பளபளக்கும் இலை, குடை போன்ற நிழல், ஆடி மாதத்தை ஒட்டிப் பழம். நாங்கள் நாவலைத் தேர்ந்தெடுத்தோம். வெள்ளைச் சீருடையில் கறை படியுமே என்று ஒரு சிஸ்டர் கவலைப்பட்டார். "படியட்டும், அடுத்த தலைமுறைக்குத் துவைக்கத் தெரிய வேண்டும்" என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வியப்பு. நாவல் விதையும் ஓக் கொட்டையைப் போலவே காய்ந்தால் உயிரிழக்கும். பழம் தின்ற இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். ஓக்கிடம் கற்ற பாடம் நாவலுக்கு உதவிற்று. நாங்கள் செய்த முறையைத் தருகிறோம். வீட்டில் நடுவோருக்கும் பயன்படும்.

ஜூன் மாதத்தில் இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் பன்னிரண்டு குழிகள் வெட்டி, சில நாள் ஆறவிட்டோம். மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பினோம். ஜூலையில் ஒவ்வொரு குழியிலும் மூன்று புதிய விதைகளை ஊன்றினோம். பிடுங்கி நடாததால் ஆணிவேர் அறுபடவில்லை. ஒரே நாவல் விதையிலிருந்து இரண்டு, மூன்று முளைகள் வருவதுண்டு. வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டினோம். சுற்றிலும் பாத்தி கட்டிச் சருகு மூடினோம். ஆட்டுக்குப் பயந்து முள்வேலி, வெயிலுக்குத் தென்னங்கீற்று. ஒவ்வொன்றின் அருகிலும் அடியில் சிறு துளையிட்டுத் திரியடைத்த ஒரு பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்தோம். பானையில் ஊற்றும் நீர் மெல்லக் கசிந்து வேருக்கு மட்டும் போகும்.

தண்ணீர் ஏது என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து 2013 முதல் காவிரி நீர் கிடைக்கிறது என்பதும் பெற்றோர் அறிவர். அந்தக் குடிநீரை மரத்துக்கு ஊற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. மதிய உணவுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் நீரை ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். சோப்புப் போடாமல் முதலில் அலசும் நீர் மட்டும் அதில் போகும்.

பன்னிரண்டு குழிகளில் ஒன்பதில் இன்று கன்று நிற்கிறது. ஒன்றரைச் சாண் உயரம்.

மாசிக்காய் மை

அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஒரு மையும் செய்தோம். மாசிக்காயை இடித்து ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினோம். வேதியியலில் பெரஸ் சல்பேட் என்று படிக்கும் அன்னபேதியைச் சிறிது அதில் சேர்த்தோம். தேநீர் நிறத்து நீர் உடனே கருத்தது. ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின் கலந்தோம். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கருமையாகும். இடைக்கால ஐரோப்பாவின் துறவு மடங்களில் இத்தகைய மையால்தான் விவிலியப் படிகளை எழுதினார்கள். அந்த மையால் நாங்கள் 'மரப் பதிவேடு' என்று ஒரு நோட்டைத் தொடங்கியிருக்கிறோம். ஒன்பது கன்றுகளின் எண், விதைத்த நாள், உயரம் எல்லாம் அதில் உண்டு. செத்த பதினேழு சில்வர் ஓக்கும், நாற்பத்தொரு நாள் வாழ்ந்த அந்த ஓக்கும் அதில் உண்டு.

ஒரு வேண்டுகோள்

விதையிலிருந்து வந்த நாவல் காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். இன்று வெயிலில் அமர்ந்து உண்ணும் முதல் வகுப்புக் குழந்தைகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது முதல் பழத்தை உண்பார்கள். நாங்கள் இன்னும் சில வாரங்களில் அரசுத் தேர்வு எழுதுகிறோம். எங்களில் பலர் வேறு பள்ளிகளுக்குச் செல்லக்கூடும்.

கன்றைக் கொல்வது நடும் நாளன்று, ஏப்ரலும் மேயும்தான் என்பதை நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம். ஆகையால் விடுமுறைக்கு ஒரு தண்ணீர்ப் பட்டியல் போட்டு அலுவலகத்துக்கு வெளியே ஒட்டியிருக்கிறோம். பள்ளிக்கு அருகில் வசிக்கும் மாணவியர் பதினால்வர் பெயர் கொடுத்துள்ளனர். வாரம் இருமுறை, ஒரு பானைக்கு ஒரு குடம், அவ்வளவே வேலை. மே மாதத்தின் மூன்றாம் வாரம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அன்புள்ள தங்கையரே, பெற்றோரே, உங்களில் யாரேனும் அந்த வாரத்தில் உங்கள் பெயரை எழுதுவீர்களா? வாயில் காவலர் அண்ணனிடம் சொன்னால் கதவைத் திறந்து விடுவார். குடம் கிணற்றடியில் இருக்கிறது.